சுல்தான் கான் பேர் ஏன் இல்லை?

இன்னிக்கு மீர் சுல்தான் கான். பஞ்சாப்காரர். அவர் கத்துக்கிட்டது இந்திய விதிமுறைச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான் போகும். அதனால் ஐரோப்பிய ஓப்பனிங் எதுவும் அவருக்குப் பழக்கமில்லை. 1929-இல் நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கானோடு லண்டன் போறார். அதே வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன்! (எனக்கு ஒரு புது புரோகிராமிங் லாங்குவேஜுக்கு மாறவே ஆறு மாசம் ஆச்சு.) 1932, 1933-லயும் அவரே. நடுவில் ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலக சாம்பியன் கபாப்ளாங்காவையே தோற்கடிச்சார். 1933 கடைசியில் உமர் ஹயாத்தோடு ஊர் திரும்பினார். சர்வதேச ஆட்டம் அத்தோட முடிஞ்சது.

என் கோபம் இங்கதான். 1950-இல் ஃபிடே 27 பேருக்கு முதல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. 1932-க்குப் பிறகு பெரிய போட்டிப் பக்கமே வராத ரூபின்ஸ்டைனுக்கும் கிடைச்சது. தப்பில்லை, கொடுக்க வேண்டியவர்தான். ஆனா சுல்தான் கானும் அப்போ உயிரோட இருந்தாரே! பட்டியலில் பேர் இல்லை. 1966-இல் இறந்தார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்தது 2024-இல்.