கப்பல் கேட்கிற விமானம்

மாப்பிள்ளைக்கு ஊர் திண்டுக்கல் என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று ஒரு காலத்தில் சொல்வதுண்டு. மாப்பிள்ளை மேல் குறை இல்லை, ஊரில் தண்ணீர் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த வேலைக்குப் போனவன் நான். 1973இல் கடற்படையில் சேர்ந்தேன். விமானப் பிரிவில் மெக்கானிக் வேலை. 1988இல் பென்ஷனோடு ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே கடற்படை என்றால் பீரங்கி, நீர்மூழ்கி என்றுதான் நினைப்பார்கள். கப்பல் மேலே ஜெட் விமானம் இறங்குகிறது என்று சொன்னால், அந்தக் காலத்தில் டீக்கடையில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இப்போது நிலைமை வேறு. ரஃபேல் கடற்படை விமானம் 26 வாங்க 2025 ஏப்ரலில் பிரான்சுடன் ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து, பக்கத்துத் தெருப் பையன்கள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். "மாமா, மிக் நல்லதா, ரஃபேல் நல்லதா?" கையில் போன், அதில் வேகம், எடை, ஏவுகணை எல்லாம் வரிசையாக இருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கப்பல்லேர்ந்துடா தம்பி?" உடனே முகம் சுருங்கிவிடும், நான் பேச்சை மாற்றுகிறேன் என்று.

பேச்சை மாற்றவில்லை. தரையிலிருந்து பறக்கிற விமானத்துக்கு ஓடுதளம் வேண்டிய மட்டும் நீளம். கப்பலில் அப்படி இல்லை. எவ்வளவு குண்டு தூக்கலாம், எவ்வளவு எண்ணெய் நிரப்பலாம், திரும்பி வரும்போது எவ்வளவு மிச்சத்தோடு இறங்கலாம் எல்லாவற்றையும் கப்பல்தான் சொல்லும். நம் கடற்படையின் அறுபது வருஷக் கதையில் விமானங்கள் மாறியது பாதி, கப்பலின் மூக்கு மாறியது மீதி.

முதல் விக்ராந்த், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிரிட்டனில் 'ஹெர்குலிஸ்' என்ற பெயரில் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததும் பாதியில் நின்றுபோன கப்பல். 1957இல் நாம் வாங்கி, பெல்ஃபாஸ்டில் முடிக்கச் சொன்னோம். 1961 மார்ச்சில் கடற்படையில் சேர்ந்தது. தாமதம் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. இடைப்பட்ட வருஷங்களில் பிரிட்டிஷ்காரர்கள் மூன்று விஷயம் கண்டுபிடித்திருந்தார்கள்: சாய்வாக அமைந்த இறங்குதளம், விமானத்தை உந்தித் தள்ளும் நீராவி கேடபல்ட், விமானிக்கு இறங்கும் கோணம் காட்டும் கண்ணாடி. மூன்றும் விக்ராந்துக்கு வந்தன. இருநூற்றுச் சொச்சம் மீட்டர் நீளமுள்ள ஒரு சின்னக் கப்பலில் ஜெட் இறங்க முடிந்தது இவற்றால்தான்.

அந்தக் கப்பலின் தாக்குதல் விமானம் சீ ஹாக். 1947இல் முதன்முதலாகப் பறந்த வடிவம். சண்டை விமானமாகப் பிறந்து, தரைத் தாக்குதலுக்கு மாறி, 1956 சூயஸ் போரில் அந்த வேலையைச் செய்து காட்டியது. நாம் வாங்கியபோதே உலக அளவில் அது பழைய விமானம்தான். இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. கோவாவுக்குப் போகும் முன் கடற்படை ஜெட்டுகளுக்கு வீடு கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சூலூர். ஐ.என்.எஸ். ஹன்ஸா என்ற தளம் 1961 செப்டம்பரில் சூலூரில்தான் தொடங்கியது. 1964இல் கோவாவின் டபோலிமுக்குப் பெயர்ந்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆடிக்காற்று அடித்துத் தள்ளும் அந்த மேட்டு நிலத்தில், கப்பலுக்கான ஜெட்டுகள் மூன்று வருஷம் ஏறி இறங்கின. இன்று சூலூர் என்றால் எல்லாரும் விமானப்படையின் தேஜஸைத்தான் சொல்கிறார்கள்.

நான் சேர்ந்தபோது சீ ஹாக்குக்கு வயசாகிவிட்டது. ஆனாலும் அதைக் கையால் தொட்டு வேலை பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும். ஒற்றை எஞ்சின், ரோல்ஸ் ராய்ஸ் நீன். அதன் புகைபோக்கி வாலில் இல்லை; இரண்டாகப் பிரிந்து இறக்கை அடிவாரத்தில் இரு பக்கமும் வெளியே வரும். டெக்கில் புதிதாக வருகிறவனுக்கு முதல் பாடம் அதுதான்: பின்னால் நின்றால் மட்டுமல்ல, பக்கவாட்டில் நின்றாலும் வெந்துபோவாய். மூக்கில் நாலு 20 மி.மீ. பீரங்கி. இறக்கைக்குக் கீழே 500 ராத்தல் குண்டுகள், அல்லது ராக்கெட்டுகள். ரேடார் கிடையாது. விமானி கண்ணால் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

புறப்படும்போது இரண்டு பேர் அதன் வயிற்றுக்கடியில் குனிந்து போய், இரும்புக் கயிற்றை விமானத்தின் கொக்கியிலும் கேடபல்ட்டின் கட்டையிலும் மாட்டுவார்கள். எஞ்சின் முழு வேகத்தில் கத்திக்கொண்டிருக்கும். பின்பக்கம் ஒரு பிடிப்பு விமானத்தை இழுத்து நிறுத்தியிருக்கும். மாட்டினவன் குனிந்தபடியே வெளியே ஓடிவந்து கட்டைவிரலைக் காட்ட வேண்டும். அதிகாரி கொடியை இறக்குவார். நீராவி வந்து அடிக்கிற அடியில் பிடிப்பு அறுந்து, விமானம் டெக் முடியும் இடத்தில் காற்றில் இருக்கும். அந்தக் கணத்தில் டெக் முழுக்க வெள்ளையாய் ஆவி. காலடியில் இரும்புத்தகடு அதிர்வது தாடை வரை வரும்.

இன்னொன்று, இறக்கை. சீ ஹாக் விரிந்திருந்தால் சுமார் 12 மீட்டர். மடித்து மேலே தூக்கிவிட்டால் வெறும் 4 மீட்டர். பழைய விக்ராந்தின் லிஃப்டிலும் ஹேங்கரிலும் இடம் குறைவு. இறக்கையை விரித்ததும் மடிப்பில் உள்ள பூட்டு ஊசி சரியாக விழுந்ததா என்று ஆள் பார்த்துச் சொல்லாமல் விமானம் நகராது. அந்த வேலை எனக்கு விழுந்த அன்று எங்கள் சீஃப், ஒரு மலையாளி, விழுந்து விழுந்து சிரித்தார். திண்டுக்கல்காரனுக்குப் பூட்டு வேலைதானே கொடுக்க வேண்டும் என்று. அதற்குப் பிறகு கப்பலில் எனக்குப் பெயரே 'பூட்டு' ஆகிவிட்டது.

1971 போர் நான் சேர்வதற்கு முன் நடந்தது. கப்பலில் அதைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. அந்த வருஷம் விக்ராந்தின் நாலு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். மூன்றை வைத்துக்கொண்டுதான் ஓடியது. 24 நாட் வேகத்தில் போக வேண்டிய கப்பல், 16 நாட் அளவுக்குச் சுருங்கிவிட்டது. விமானம் ஏறும்போது டெக் மேல் காற்று வேகமாக வர வேண்டும். அந்தக் காற்றில் பாதி இயற்கை தருவது, பாதி கப்பல் ஓடிச் சம்பாதிப்பது. கப்பல் மெதுவாகப் போனால் விமானத்தின் சுமையைக் குறைக்க வேண்டும். போருக்குப் போகாமல் துறைமுகத்தில் கிடக்கட்டும் என்றுகூட யோசனை இருந்தது. கடைசியில் போனார்கள். மேற்குக் கரையில் வைக்காமல், சென்னை, விசாகப்பட்டினம் வழியாக அந்தமானுக்குக் கொண்டுபோய் மறைத்து வைத்தார்கள். டிசம்பர் 4ஆம் தேதி காலை சீ ஹாக்குகள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும், அன்றே சிட்டகாங்கையும் அடித்தன. கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் கப்பலை நடத்தினார். சீ ஹாக் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை சந்தோஷ் குமார் குப்தா. இருவருக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது.

பாகிஸ்தானிடம் நவீன சூப்பர்சானிக் விமானங்கள் இருந்தன. ஆனால் வங்காள விரிகுடாவின் அந்த மூலையில் இல்லை. பழைய சீ ஹாக் தேவையான இடத்தில், தேவையான நாளில் இருந்தது. போனில் வரிசைப்படுத்திப் பார்த்தால் அது எந்தப் போட்டியிலும் தோற்கும். சிட்டகாங் துறைமுகத்தில் தோற்கவில்லை. கிழக்குக் கடலை அடைத்ததில் அதற்குப் பெரிய பங்கு.

சீ ஹாக்குக்கு மாற்று சீ ஹாரியர். 1983 டிசம்பரில் கோவாவில் வந்திறங்கியபோது நான் அங்கே இருந்தேன். முந்தின வருஷம்தான் ஃபாக்லாந்து போரில், வான்சண்டையில் ஒன்றைக்கூட இழக்காமல் பெயர் எடுத்திருந்தது. எங்களுக்கு ஒரே பிரமிப்பு. பறந்து வந்து, நின்று, அப்படியே செங்குத்தாக இறங்குகிறது! வேகத்தில் பார்த்தால் இதுவும் ஒலியைத் தாண்டாத விமானம்தான். வித்தியாசம் ரேடாரிலும், மாத்ரா மேஜிக் ஏவுகணையிலும், கேடபல்ட் வேண்டாம் என்பதிலும் இருந்தது. ஆனால் வெயில் காலத்து மதியத்தில் அதன் குணம் தெரியும். சூடான காற்று லேசானது. எஞ்சினின் தள்ளுவிசை குறையும். செங்குத்தாக இறங்கும்போது இறக்கை எந்த உதவியும் செய்யாது, முழு எடையையும் எஞ்சினே தாங்க வேண்டும். அதற்காக எஞ்சினுக்குள் பீய்ச்சுவதற்கென்றே சுத்திகரித்த தண்ணீர் சுமார் 225 லிட்டர் ஏற்றுவோம். ஒன்றரை நிமிஷத்தில் தீர்ந்துபோகும். தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்தவனுக்கு அந்த டேங்க்கை நிரப்பும்போது மனசு கொஞ்சம் கஷ்டப்படத்தான் செய்யும்.

சீ ஹாரியருக்காகக் கப்பல் மாறியது. 80களின் கடைசியில் விக்ராந்தின் கேடபல்ட்டைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த சரிவைக் கட்டினார்கள். சறுக்கி ஏறி எகிறினால் ஹாரியருக்குக் கூடுதல் சுமை தூக்க முடியும். அந்த ஒரு மாற்றத்தில் அலிஸே விமானம் கப்பலை விட்டு இறங்கியது. நீர்மூழ்கி தேடுகிற, மூன்று பேர் உட்காருகிற பிரெஞ்சு விமானம் அது. 71இல் இரவில் போய்க் குண்டு போட்டதும் அதுதான். எஞ்சின் கெட்டுப்போகவில்லை, இறக்கை உடையவில்லை. தள்ளிவிட கேடபல்ட் இல்லை, அவ்வளவுதான். புதிய விமானம் வந்ததால் பழையது போயிற்று என்று எழுதுவார்கள். கப்பலின் மூக்கை மாற்றியதால் போயிற்று என்பதுதான் சரி.

பிறகு நடந்தவற்றை நான் ஊரிலிருந்துதான் பார்த்தேன். விக்ராந்த் 1997இல் ஓய்வு பெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக இருந்து, 2014இல் உடைக்கப்பட்டது. அதன் இரும்பில் கொஞ்சம் பஜாஜ் மோட்டார் சைக்கிளாக வந்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பையன் அதை நிறுத்திவைத்திருந்தான். பெட்ரோல் டேங்க்கைத் தடவிப் பார்த்தேன். திருடன் என்று நினைத்து ஓடி வந்தான்.

மிக்-29கே வேறு வகை. ரஷ்யாவின் பழைய 'கோர்ஷ்கோவ்' கப்பலைத் திருத்தி, 2013இல் விக்ரமாதித்யாவாகப் பெற்ற ஒப்பந்தத்தோடு ஒட்டி வந்த விமானம். மொத்தம் 45. இரண்டு எஞ்சின், ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம், சீ ஹாக்கைப் போல மூன்று மடங்குக்கு மேல் எடை. கேடபல்ட் இல்லை. சக்கரத்தை டெக்கிலிருந்து எழும்பும் தடுப்பு பிடித்துக்கொள்ள, எஞ்சினை முழுக்கத் திறந்து, சுமார் 200 மீட்டருக்குள் ஓடி, சரிவில் எகிறும். இறங்கும்போது பழைய முறைதான்: வாலில் கொக்கி, டெக்கில் கம்பி. ஏறுவதற்குத் தள்ளுகிறவன் இல்லாததால், முழு எண்ணெயும் முழு ஆயுதமும் ஒரே நேரத்தில் தூக்குவது கஷ்டம். ஒன்றைக் குறைத்தால்தான் மற்றது. 2016இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை இதைவிட மோசமானதைச் சொன்னது. பறக்கத் தயாராக இருந்த விமானங்கள் 16 முதல் 38 சதவீதம். வாங்கிய 65 எஞ்சின்களில் 40 கோளாறால் ஒதுக்கப்பட்டவை. மெக்கானிக்காக இருந்தவனுக்கு அந்தப் பக்கத்தைப் படித்ததும் வயிறு கலங்கியது. வேகம் என்னவாக இருந்தால் என்ன, ஹேங்கரில் நிற்கிற விமானம் வேகம் பூஜ்யம்.

ரஃபேல் இன்னொரு கப்பலுக்காகச் செய்யப்பட்டது. பிரான்சின் சார்ல் த கோல் கேடபல்ட் கப்பல். சரிவிலிருந்து எகிறுமா என்று 2022 ஜனவரியில் கோவாவில், தரையில் கட்டிய சரிவில் வைத்துப் பார்த்தார்கள், எகிறியது. ஆயுதம் தூக்கும் திறனிலும், ரேடாரிலும், எஞ்சின் நம்பகத்தன்மையிலும் அது மிக்கை எங்கேயோ விட்டுவிடும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இறக்கை மடியாது. மிக் மடித்தால் எட்டு மீட்டருக்குள். ரஃபேல் ஏவுகணையோடு 10.9. கொச்சியில் கட்டி 2022இல் சேர்ந்த புதிய விக்ராந்தின் லிஃப்டுகள் மிக்கின் அளவை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. வாங்குகிற 26இல் இரட்டை இருக்கை கொண்ட நாலு விமானம் கப்பலிலிருந்து பறக்கவே பறக்காது, அவை கரையில் பயிற்சிக்கு.

பிரெஞ்சு ஆயுதம் என்று இங்கே சிலர் ஏதோ புதுமை போலப் பேசுகிறார்கள். நம் ஊர் மலைக்கோட்டைக்கு அது புதிதா என்ன? 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல் பௌஜ்தாராக (படைத் தலைவராக) வந்ததும் பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிவந்துதான் இங்கே ஆயுதசாலை வைத்தார்.

தேஜஸின் கடற்படை வடிவம் 2020 ஜனவரியில் விக்ரமாதித்யாவில் கொக்கி மாட்டி இறங்கியது. இந்தியாவிலேயே வடிவமைத்த விமானம் ஒன்று கப்பலில் கம்பியைப் பிடித்தது அதுவே முதல் தடவை. ஒற்றை எஞ்சின் போதாது, எடை அதிகம் என்று கடற்படை அதற்கு முன்பே சொல்லிவிட்டது. சரிவு மட்டும் உள்ள கப்பலில் அந்தக் கணக்கு அப்படித்தான் வரும். எனவே இரட்டை எஞ்சின் கொண்ட வேறொரு விமானத்துக்குப் படம் வரைந்துகொண்டிருக்கிறார்கள். அதில் இறக்கை மடிகிறது.