டர்பன் நகரமும் அதன் கடற்கரையும்

கடற்காற்று நாடிச் செல்வர் சென்று தங்கும் நகரங்கள் உலகிற் பல உள. அவற்றுள் தென் ஆப்பிரிக்காவின் கீழ்கரையிலுள்ள டர்பனைக் குறித்து இம்முறை எழுதத் துணிந்தோம். தமிழ் மக்களின் வியர்வை அம்மண்ணிற் கலந்திருத்தலே அதற்குக் காரணம்.

நகரின் இருப்பு இயற்கையாகவே அழகுடையது. தெற்கே பிளஃப் என்னும் குன்று நீண்டு ஒரு குடாவை அணைத்து நிற்கின்றது. மேற்கே பெரீயா என்னும் மேட்டுநிலம். வடக்கே உம்கெனி ஆறு. கிழக்கே இந்து மகாசமுத்திரம். வெப்ப நீரோட்டமொன்று வடக்கிருந்து வந்து அக்கரை வழியே செல்வதால், அங்கே குளிர்காலமாகிய ஜூன், ஜூலை மாதங்களிலும் கடலாடுதல் கூடும். உள்நாட்டு ஜோகன்னஸ்பர்க்வாசிகள் திரண்டு வருவது இதனாலேயே.

1497-ம் வருஷம் கிறிஸ்து பிறந்தநாட் காலத்தில் வாஸ்கோட காமா இக்கரையோரம் சென்றமையின் இத்தேசம் நேட்டால் எனப்பட்டது. 1824-ல் ஆங்கில வர்த்தகர் குடியேறினர். 1835-ல் கேப் கவர்னர் ஸர் பெஞ்ஜமின் டர்பனின் பெயர் ஊருக்கு வழங்கலாயிற்று.

நிற்க. நாம் முக்கியமாய்க் கருதுவது 1860-ம் வருஷம். அவ்வருஷம் நவம்பர் 16-ந் தேதி 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கொண்டுவந்து அங்கே சேர்த்தது. கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்த வேலை. முதலாண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். 1911 வரை இவ்வாறு சென்றோர் 1,52,184 பேர். அவருட் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திற் கப்பலேறியவர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே சுதந்தரராய்த் தங்க விரும்பியோர்மீது 1895-ம் வருஷத்துச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் வரி சுமத்தியது. காந்தியடிகளின் அறப்போருக்குப் பின், 1914-லேதான் அது ஒழிந்தது.

தவணை முடிந்தோரிற் சிலர் குடாவின்கண் வலைவீசிப் பிழைத்தனர். பலர் காய்கறி பயிரிட்டு நகரத்தார்க்கு விற்றனர். ஆயினும் அந்நகரின் பெயர்பெற்ற மணற்கரையோ வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1950-ம் வருஷத்து வட்டாரப் பிரிவினைச் சட்டத்தால் இந்தியக் குடும்பங்கள் பல தம் வீடுகளையே இழந்து சாட்ஸ்வொர்த் முதலிய இடங்கட்குப் பெயர்க்கப்பட்டன. ஊரை உண்பித்தவன் பேரன் ஊர்க்கடலில் விரும்பிய இடத்திற் கால் நனைக்க 1989 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

அக்கப்பல்களின் பதிவேடுகள் அந்நாட்டில் இன்றும் உள. ஒவ்வொருவர்க்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, கிராமம், தாலூகா ஆகியன அவற்றிற் குறிக்கப்பட்டுள்ளன. ஆங்கில எழுத்தர் கையில் நம் ஊர்ப்பெயர்கள் உருச்சிதைந்து கிடப்பதால், அங்குள்ளோர் பார்த்தும் ஊரை அறியாது மயங்குகின்றனர். நம்மவர் இல்லங்களில் 'நேட்டாலுக்குப் போனவர்' என்று முதியோர் யாரையேனும் சொல்லக் கேட்டவர்கள், அவர் பெயரையும் பூர்விகக் கிராமத்தையும் நம் காரியாலயத்திற்கு எழுதியனுப்பக் கோருகின்றோம்.