கப்கேக்: முன்கூட்டியே செய்து வைக்கப்படும் பிறந்தநாள் கேக்கின் வரலாறு

கப்கேக் என்பது ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில், கைக்குள் அடங்கும் அளவில் சுட்டெடுக்கப்படும் சிறு கேக் ஆகும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சமையல் நூலில் இடம்பெற்ற இப்பண்டம், 20-ஆம் நூற்றாண்டில் குழந்தைகளின் பிறந்தநாள் விருந்துக்கு உரியதாக மாறியது. விலங்கு, பூ, பூச்சி, கதைப்பாத்திரம் என உருவம் கொடுத்து அலங்கரிக்கப்படுபவை உருவக் கப்கேக்குகள். விருந்து நாளின் வேலையை முந்தைய நாட்களுக்கு எப்படி நகர்த்துவது என்ற கேள்விக்கு வீட்டுச் சமையலறையும் அறிவியலும் கண்ட விடைகள் இதன் வரலாற்றில் அடங்கியுள்ளன.

பெயரும் தோற்றமும்

1796-இல் கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் அமீலியா சிம்மன்ஸ் எழுதிய 'அமெரிக்கன் குக்கரி' வெளியானது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் நூலாக இது கருதப்படுகிறது. சிறு கோப்பைகளில் சுடவேண்டிய மென்மையான கேக்குக்கான குறிப்பு இதில் உள்ளது. அரை பவுண்டு சர்க்கரை, அரை பவுண்டு வெண்ணெய், இரண்டு பவுண்டு மாவு, ஒயின், பன்னீர், சாதிக்காய், பட்டை, உலர்ந்த சிறு திராட்சை ஆகியவற்றுடன், மாவைப் பொங்கவைக்க மதுவடிப்பில் எஞ்சும் மண்டி சேர்க்கப்பட்டது.

'கப் கேக்' என்ற பெயர் 1828-இல் எலைசா லெஸ்லியின் நூலில் வருகிறது. அவருடைய குறிப்பில் வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, மொலாசஸ் பாகு, பால், மாவு அனைத்தும் தேநீர்க் கோப்பையால் அளக்கப்பட்டன. ஆகவே இப்பெயருக்கு இரண்டு பொருள்கள் வழங்கின. ஒன்று, கோப்பையில் சுடப்பட்டது. மற்றொன்று, கோப்பையால் அளக்கப்பட்டது. அதற்கு முன்பு மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு எடையில் சேர்க்கப்பட்ட பவுண்டு கேக்கே வழக்கில் இருந்தது. தராசு இல்லாத வீட்டிலும் கேக் செய்யலாம் என்ற நிலையைக் கோப்பை அளவு உருவாக்கியது. ஒரு கோப்பை வெண்ணெய், இரண்டு கோப்பை சர்க்கரை, மூன்று கோப்பை மாவு, நான்கு முட்டை என்ற '1-2-3-4 கேக்' மனப்பாடமாகவே கைமாறியது.

நேரம் சுருங்கியது

ஈஸ்ட் சேர்த்த மாவு பொங்கப் பல மணி நேரம் ஆகும். ஈஸ்ட் சேர்க்காத கேக்குக்கு முட்டையை நெடுநேரம் அடித்து நுரைக்க வைக்கவேண்டும். 1843-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மருந்தாளுநர் ஆல்ஃப்ரெட் பேர்ட், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காகப் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். 1850-களில் அமெரிக்க வேதியியலாளர் எபன் ஹார்ஸ்ஃபோர்ட் கால்சியம் பாஸ்பேட்டைக் கொண்டு அதன் வேறொரு வகையை உருவாக்கினார். கலந்த மாவை உடனே அடுப்பில் ஏற்றலாம் என்றானது. பெரிய கேக்கின் நடுப்பகுதி வேக நீண்ட நேரம் ஆகும்போது, சிறு அச்சில் ஊற்றிய மாவு ஏறக்குறைய இருபது நிமிடங்களில் வெந்துவிடும். இவ்விரண்டும் சேர்ந்தபோது கப்கேக் அன்றாட வீட்டுப் பண்டமானது.

தொழிற்சாலை உற்பத்தியும் தொடர்ந்தது. 1919-இல் இண்டியானாபொலிஸ் நகரின் டாகர்ட் பேக்கரி சாக்லேட் கப்கேக்குகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவையே பின்னர் ஹோஸ்டஸ் கப்கேக் என்று அறியப்பட்டன.

பிறந்தநாள் மேசை

குழந்தையின் பிறந்தநாளுக்குக் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் இருந்தது. அங்கிருந்து குடியேறியவர்களுடன் அது அமெரிக்காவிலும் பரவியது. முழுக் கேக்கை வெட்டக் கத்தியும் பரிமாறத் தட்டும் தேவை. எவருக்குப் பெரிய துண்டு, எவருக்குப் பூ வைத்த துண்டு என்ற சண்டையும் உண்டு. கப்கேக்கில் பங்கு முன்பே பிரிந்திருப்பதால் இச்சிக்கல் எழுவதில்லை.

பிரிட்டனில் இதன் உறவான சிறு கேக் 'ஃபேரி கேக்' எனப்படுகிறது. அதன் மேற்பகுதியைச் சீவி, இரண்டாக வெட்டி, பட்டர்கிரீமில் சிறகுகளாக நட்டுவைத்தால் அது 'பட்டாம்பூச்சிக் கேக்'. உருவக் கப்கேக்கின் எளிய வடிவம் இதுவே. 1980-இல் ஆஸ்திரேலியாவில் 'ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி' இதழ் வெளியிட்ட குழந்தைகள் பிறந்தநாள் கேக் நூல், கடையில் கிடைக்கும் மிட்டாயையும் உருளைக்கிழங்கு சிப்ஸையும் கொண்டு ரயிலும் வாத்தும் செய்யக் கற்றுத்தந்தது. பயிற்சி இல்லாதவரும் உருவக் கேக் செய்யலாம் என்ற நம்பிக்கையை அது வீடுகளில் வளர்த்தது.

கேக் ஏன் பழையதாகிறது

முன்கூட்டியே செய்வதற்குத் தடை, கேக் இறுகிப் பழையதாவது. நீர் வற்றுவதே இதற்குக் காரணம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. 1852-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ழான் பாப்டிஸ்ட் பூசிங்கோ, நீர் வெளியேறாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் பழையதாவதைக் காட்டினார். பழைய ரொட்டியைச் சூடாக்கினால் மென்மை திரும்புவதையும் அவர் பதிவு செய்தார். 1920-களில் டச்சு அறிவியலாளர் காட்ஸ் ஊடுகதிர் ஆய்வின் மூலம் காரணத்தை விளக்கினார். வேகும்போது குலைந்த மாவுச்சத்து, ஆறியபின் மீண்டும் படிகமாக ஒழுங்குபடுவதே இறுக்கத்தை உண்டாக்குகிறது.

இம்மாற்றம் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் வேகமாக நடக்கிறது. நன்கு உறைந்த நிலையில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதாவது, பாதுகாப்பான இடம் என எண்ணப்படும் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டே கேக்கை விரைவில் இறுகச் செய்யும். சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்திருப்பதால் கேக்கில் இது ரொட்டியைவிட மெதுவாக நிகழும் என்றாலும் விதி ஒன்றே.

1920-களில் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ உருவாக்கிய விரைவு உறைமுறை உணவுத் தொழிலை மாற்றியது. 1950-களில் சிகாகோவின் சார்லஸ் லூபின், தம் மகளின் பெயரைத் தாங்கிய சாரா லீ நிறுவனத்தின் வழியே உறைந்த கேக்குகளைத் தொலைவூர்களுக்கு அனுப்பினார். வீடுகளில் ஃப்ரீசர் பரவியபோது அதே முறை பிறந்தநாள் கேக்குக்கும் வந்தது.

வேலையைப் பிரித்தல்

1996-இல் நியூயார்க்கின் பிளீக்கர் தெருவில் மேக்னோலியா பேக்கரி தொடங்கப்பட்டது. 2000-இல் 'செக்ஸ் அண்ட் த சிட்டி' தொலைக்காட்சித் தொடரில் அதன் கப்கேக் இடம்பெற்றதும் கப்கேக் கடைகள் பெருகின. 2005-இல் பெவர்லி ஹில்ஸில் ஸ்பிரிங்கிள்ஸ் தொடங்கியது. 2003-இல் தொடங்கிய கிரம்ப்ஸ் நிறுவனம் பங்குச்சந்தை வரை சென்று, 2014 ஜூலையில் கடைகளை மூடியது. வீட்டுச் செய்முறையோ தொடர்ந்து வளர்ந்தது. 2008-இல் கேரன் டாக், ஆலன் ரிச்சர்ட்சன் இருவரும் எழுதிய 'ஹலோ, கப்கேக்!' மளிகைக் கடை மிட்டாய்களைக் கொண்டே உருவங்கள் செய்யும் முறையைப் பரப்பியது.

உருவக் கப்கேக்கில் கேக், கிரீம், உருவம் ஆகிய மூன்றும் வெவ்வேறு விதமாகக் கெடுகின்றன. எனவே மூன்றையும் தனித்தனியே செய்து வைப்பதே நிலைபெற்ற வழக்கம்.

ஐசிங் இடாத கேக்கை முழுதும் ஆறவிட்டு, காற்றுப் புகாமல் சுற்றி, −18 டிகிரி செல்சியஸ் ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதங்கள் வைக்கலாம். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி மேற்பரப்பு பிசுபிசுக்கும். காகிதக் கோப்பையும் கழன்றுவிடும். வெளியே எடுத்தபின் சுற்றிய உறையோடே இளக விடவேண்டும். அப்போது ஈரம் உறையின் மேல் படியுமே தவிர கேக்கின் மேல் படியாது.

வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் சேர்ந்த பட்டர்கிரீமைச் சில நாட்கள் குளிரில் வைத்து, பயன்படுத்தும் முன் மீண்டும் அடித்துக்கொள்ளலாம். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் கலந்த ராயல் ஐசிங்கில் செய்த கண், பூ, எழுத்து போன்றவை உலர்ந்தபின் மூடிய டப்பாவில் வாரக்கணக்கில் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அவை ஈரம் இழுத்து, சாயம் கசியும். சிப்ஸ், பிஸ்கட் போன்ற மொறுமொறுப்பானவை கிரீமின் ஈரத்தில் நமத்துப்போவதால் கடைசி நேரத்தில்தான் பதிக்கப்படுகின்றன.

கிரீம் சீஸ், அடித்த பாலேடு ஆகியவை இதற்கு விலக்கு. கெட்டுப்போகக்கூடிய உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேலும், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் 1 மணி நேரத்துக்கு மேலும் வைக்கக்கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. அழகுக்காக மேசையில் காலை முதலே அடுக்கி வைப்பது இவ்வகைக் கப்கேக்குக்குப் பொருந்தாது.

பள்ளியும் கப்கேக்கும்

கத்தியும் தட்டும் வேண்டாத இப்பண்டம் அமெரிக்க வகுப்பறைகளில் பிறந்தநாள் அடையாளமானது. குழந்தைகளின் உடற்பருமன் குறித்த கவலையால் 2000-களில் பள்ளிகளில் இனிப்புக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. டெக்சாஸ் மாநிலத்தில் இது எதிர்ப்பைக் கிளப்பியது. பெற்றோரும் தாத்தா பாட்டியும் பிறந்தநாளுக்கு உணவு கொண்டுவரும் உரிமையை 2005-இல் அம்மாநிலச் சட்டம் உறுதிசெய்தது. 2015-இல் பதவியேற்ற வேளாண் ஆணையர் சிட் மில்லர், கப்கேக்குகளுக்குப் பொதுமன்னிப்பு என அறிவித்துச் செய்தியானார்.

ஒவ்வாமை பற்றிய அச்சம் இதைவிட ஆழமான மாற்றத்தைக் கொண்டுவந்தது. நிலக்கடலை, மரக்கொட்டைகள், முட்டை, பால் ஆகியவை சில குழந்தைகளின் உயிருக்கே ஆபத்தாகலாம். இதனால் பல பள்ளிகள் வீட்டுப் பண்டத்தை ஏற்காமல், சேர்பொருள் பட்டியல் அச்சிட்ட கடைப் பண்டத்தையே அனுமதிக்கின்றன. இன்று வீட்டில் செய்து வைக்கும் உருவக் கப்கேக்குகள் பெரும்பாலும் வீட்டு விருந்துகளுக்கு உரியவை. அங்கும், விருந்துக்கு வரும் குழந்தைகளுக்கு எது ஒவ்வாது என்று கேட்டறிவது முன்தயாரிப்பின் முதல் படியாகக் கொள்ளப்படுகிறது.