வாசித்தது சரி, சொன்னது என்ன?



ஆங்கிலத்தில் ‘றீட்’ என்றொரு வினைச்சொல் உண்டு. வாசித்தல் என்பது அதன் பொருள். இறந்த காலத்தில் எழுத்து மாறாது. ஒலி மட்டும் ‘றெட்’ என மாறும். கல்முனையில் நான் படித்த காலத்தில் இச்சொல்லில் இடறாத மாணவர் எங்கள் வகுப்பில் இல்லை. அதன் பழைய பொருளை நான் அறிந்தது பல ஆண்டுகளின் பின்னர்தான்.

பழைய ஆங்கிலத்தில் அது ‘றேடன்’ என வழங்கியது. ஆலோசனை கூறுதல், மறைபொருளை விடுவித்தல் என்பனவே அதன் முந்திய பொருள்கள். எழுத்தை வாசித்தல் என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. அதன் உடன்பிறப்பான ‘றாட்டன்’ என்ற ஜெர்மன் சொல் இன்றும் ஆலோசனை கூறுதலையும் ஊகித்தலையும் குறிக்கிறது. வாசிப்புக்கு அங்கே வேறு சொல். விடுகதையைக் குறிக்கும் ‘றிடில்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான்.

978இல் இங்கிலாந்தின் அரசனான எதல்றெட்டின் பெயருக்கு ‘உயர்ந்த ஆலோசனை’ என்று பொருள். டேனியரின் படையெடுப்புகளால் அல்லலுற்று 1016இல் மாண்ட அவனைப் பின்வந்தோர் ‘அன்றேட்’, அதாவது நல்லாலோசனை அற்றவன், என்று எள்ளினர். பழம்பொருள் மறந்துபோன காலத்தில் அப்பட்டம் ‘அன்றெடி’, ஆயத்தமில்லாதவன், என்று திரிந்தது. ஒரு வினைச்சொல் தன் பொருளை இழந்தால் வரலாறும் பிழையாக வாசிக்கப்படும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனி நம் பக்கம் வருவோம். ‘வாசி’ என்பது பேச வைத்தல் என்னும் பொருள்பட்ட வடசொல்லின் வழி வந்தது. ‘குர்ஆன்’ என்ற அரபுச் சொல்லுக்கு ஓதுதல் என்பதே பொருள். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் குர்ஆனை ‘ஓதுகிறார்கள்’. கோயிலில் தேவாரத்தை ‘ஓதுகிறார்கள்’. பழந்தமிழ் வினை ஒன்று இரு சமயத்தாருக்கும் பொதுவாக நிற்கிறது. எங்கள் புராணப் படிப்பிலே ஒருவர் பாட்டைப் படிப்பார். மற்றவர் பயன் சொல்வார். ‘றேடன்’ என்ற ஒரே சொல் அந்த இரண்டாமவரின் வேலையையும் அடக்கியிருந்தது.

இதை எனக்கு முதலில் உணர்த்தியவர் எழுத்தறியாத ஒருவர். தொண்ணூறுகளில் பக்கத்து வளவு உம்மாவுக்குச் சவூதியிலிருந்து மகனின் கடிதம் வரும். வாசிப்பவன் நான், வயது பன்னிரண்டு இருக்கும். ஒருநாள் மூச்சுவிடாமல் வாசித்து முடித்தேன். உம்மா சொன்னார்:

“வாசிச்சது சரி மனே. அவன் என்ன சொல்றான் எண்டு இப்ப சொல்லு.”

‘லீவு கேட்டிருக்கிறேன், பார்ப்போம்’ என்றிருந்த வரியை மீண்டும் பார்த்தேன். “பெருநாளைக்கு வாறது கஷ்டம் போல, உம்மா.”

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்ப கூரைய இப்பவே வேயிறதா, அவன் வந்த பிறகா?” என்று என்னையே கேட்டார்.

“மழைக்கு முன்னம் வேயுங்க” என்றேன்.

எழுத்தை வாசித்தேன், மறைபொருளை விடுவித்தேன், ஆலோசனையும் கூறினேன். ‘றேடன்’ என்ற சொல்லின் மூன்று பொருளும் அன்று ஒரு பாயில் நிறைவேறின.

இன்று என் மாணவர்கள் பாடத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறார்கள். நானும் மகிழ்ந்து புள்ளியிடப் போவேன். அப்போது அந்த உம்மாவின் குரல் கேட்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “வாசித்தது சரி, அவர் என்ன சொல்கிறார்?” என்று கேட்பேன்.