நியூ ஜெர்சி போக்குவரத்து அறக்கட்டளை நிதியம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சாலை, பாலம், ரயில், பேருந்து ஆகியவற்றின் கட்டுமானத்துக்கும் சீரமைப்புக்கும் பணம் தரும் அரசு நிதியம். 1984இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. எரிபொருள் வரியே இதன் முதன்மை வருவாய்.

அந்த வரி விலையில் இத்தனை விழுக்காடு என்றில்லாமல், காலனுக்கு இத்தனை சென்ட் என்று விதிக்கப்பட்டது. கால் நூற்றாண்டாகப் பெட்ரோலுக்கு 14.5 சென்ட்தான். தாரும் இரும்பும் கூலியும் விலையேற, வரியை உயர்த்தும் துணிவு எந்தக் கட்சிக்கும் வரவில்லை. பற்றாக்குறையைக் கடன் பத்திரங்களால் நிரப்பினார்கள். விளைவு, நிதியத்தின் வருவாய் முழுதும் பழைய கடனின் அசலுக்கும் வட்டிக்குமே போயிற்று. குழியை மூட ஒரு டாலர்கூட மிஞ்சவில்லை. 2016 ஜூலையில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, அவசரமல்லாத சாலைப் பணிகளை நிறுத்த உத்தரவிட்டார். அக்டோபர் வரை அவை முடங்கிக் கிடந்தன.

அவ்வாண்டு நவம்பர் 1 முதல் பெட்ரோல் வரி 23 சென்ட் உயர்ந்து 37.5 சென்ட் ஆனது. அதற்கு ஈடாக விற்பனை வரி குறைக்கப்பட்டது. இறந்தவர் சொத்தின் மீதான எஸ்டேட் வரி நீக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்கு 1,600 கோடி டாலர் ஒதுக்கீடு. எரிபொருள் வரியை வேறெதற்கும் எடுக்கக் கூடாது என்ற அரசியலமைப்புத் திருத்தத்தை வாக்காளர்களும் ஏற்றனர்.

இம்மாற்றங்களைக் கொணர்ந்த புதிய சட்டத்தின் சிறப்பு, அதன் இலக்குத் தொகை. வசூல் இலக்கை எட்டாவிட்டால் மறு ஆண்டு வரி ஏறும், மிஞ்சினால் இறங்கும். பெருந்தொற்றில் வண்டிகள் ஓடாததால் 2020 அக்டோபரில், அதற்குள் சற்று உயர்ந்திருந்த வரி மேலும் 9.3 சென்ட் ஏறி 50.7 சென்ட் ஆனது, மறு ஆண்டே 8.3 சென்ட் இறங்கியது. பழைய முடக்கத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

பொதுப் போக்குவரத்தின் குறை வேறு. நிதியம் கட்டுமானத்துக்கே உரியது. ஓட்டுநர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் அல்ல. 1979இல் தொடங்கிய நியூ ஜெர்சி டிரான்சிட் நிறுவனமோ, மூலதனப் பணத்தைப் பல ஆண்டுகள் அன்றாடச் செலவுக்குத் திருப்பியது. இதனால் பாதிக்கப்பட்டது பராமரிப்புதான். பிறர் கட்டமைப்பும் பழையதே. இந்நிறுவனத்தின் ரயில்கள் ஹாக்கென்சாக் ஆற்றை, தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்குக்குச் சொந்தமான போர்ட்டல் சுழல் பாலத்தில் கடந்துவந்தன. 1910இல் திறந்த அப்பாலம், படகுக்கு வழிவிட்டபின் சரியாக மூடாமல், ஊழியர்கள் சம்மட்டியால் தட்டிச் சேர்த்ததுண்டு. மாற்றுப் பாலத்தின் பணி 2022இல்தான் தொடங்கியது.

2024இல் மின்வாகனங்களுக்கு 250 டாலர் ஆண்டுக் கட்டணம் வந்தது. அதே ஆண்டு, ஒரு கோடி டாலருக்கு மேல் வரிக்குரிய வருமானம் ஈட்டும் நிறுவனங்கள் மீது டிரான்சிட்டுக்கென 2.5 விழுக்காடு கட்டணம் விதிக்கப்பட்டது. இது 2028 வரைக்குமே.