ஏழாம் வகுப்பில் நான் பதில் சொல்லாத ஒரு கேள்வி



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். ஒரு வீடியோ கேமின் வரலாறுதான். "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள். ஏழாம் வகுப்பில் எதிர் மாறல் நடத்திக்கொண்டிருந்தேன். 12 ஆட்கள் ஒரு வேலையை 10 நாளில் முடித்தால், 6 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்? ஒன்று குறைந்தால் மற்றது கூடும். "இதே மாதிரி வேறு எடுத்துக்காட்டு யார் சொல்வது?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"டீச்சர், வீடியோ கேம்ல மேலேருந்து பூச்சி பூச்சியா இறங்கி வரும். நாம சுடச் சுட எண்ணிக்கை குறையும். குறையக் குறைய மிச்சம் இருக்கறது வேகமா ஓடும். அது ஏன் டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. அவன் பள்ளிக்கு வராமல் பேருந்து நிலையத்துப் பக்கம் வீடியோ கேம் கடையில் உட்கார்ந்திருந்தான் என்று முந்தின வாரம்தான் புகார் வந்திருந்தது. "பாடத்தையா கேலி பண்றே?" என்று அந்தப் பாடவேளை முழுதும் அவனை வெளியே நிற்க வைத்தேன்.

போன மே மாத விடுமுறையில் மகள் வீட்டுப் பேரன் கைபேசியில் ஒரு பழைய ஆட்டத்தைக் காட்டினான். "அம்மாச்சி, கடைசி ஒண்ணு மட்டும் மிச்சம் இருக்கறப்ப பாருங்க, பறக்கும்!" என்றான். அந்தப் பையனின் கேள்வி அப்படியே காதில் கேட்டது. அன்றிரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

ஆட்டத்தின் பெயர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. 1978இல் ஜப்பானில் வெளிவந்தது. செய்தவர் டொமோஹிரோ நிஷிகாடோ. அவர் வேலை பார்த்த டைட்டோ என்ற நிறுவனத்தை 1953இல் டோக்கியோவில் தொடங்கியவர் மைக்கேல் கோகன்.

1976இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'பிரேக்அவுட்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பந்தால் செங்கல் சுவரை உடைக்க வேண்டும். அதில் நிஷிகாடோவுக்குப் பெரிய ஈடுபாடு. அதைவிட நல்லதாக ஒன்று செய்ய வேண்டும் என்று நினைத்தார். செங்கல் சும்மா இருக்கிறது. நாம் அடிக்கும் பொருள் நம்மைத் திருப்பி அடித்தால் எப்படி இருக்கும்? இதுதான் அவருடைய யோசனை.

எதைச் சுடுவது? டாங்கி, விமானம் என்று வரைந்து பார்த்தார். திரையில் அசைவு சரியாக வரவில்லை. மனித உருவம் நன்றாக அசைந்தது. ஆனால் மனிதரைச் சுடுவது போல ஆட்டம் கூடாது என்று நிறுவனம் தடுத்துவிட்டது. அப்போது 'ஸ்டார் வார்ஸ்' படம் உலகமெங்கும் பேசப்பட்ட காலம். எச்.ஜி. வெல்ஸ் 1898இல் எழுதிய 'உலகங்களின் போர்' நாவலில் செவ்வாய்க் கிரகத்தார் ஆக்டோபஸ் மாதிரி வருவார்கள். அந்த நினைவில் வேற்றுக் கிரக உயிரினங்களைக் கடல் உயிர்களின் சாயலில் வரைந்தார். கீழ் வரிசைகளில் ஆக்டோபஸ், நடுவில் நண்டு, மேலே கணவாய். சுட்டால் முறையே 10, 20, 30 புள்ளிகள். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, மொத்தம் 55.

நிஷிகாடோ ஏறக்குறைய ஓராண்டு தனி ஆளாக உழைத்தார். படம், நிரல், மின்சுற்று எல்லாம் அவரே. இப்படி ஒரு ஆட்டத்தை எழுதும் கருவிகள் அவரிடம் இல்லை, அவற்றையும் அவரே செய்துகொண்டார். உள்ளே இருந்த சில்லு இன்டெல் 8080. இன்று உங்கள் கையில் இருக்கும் கைபேசியோடு ஒப்பிட்டால் அது மாட்டுவண்டி.

இப்போதுதான் அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறோம்.

திரையில் படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். அந்தச் சில்லால் 55 உயிர்களையும் ஒரே நேரத்தில் நகர்த்த முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றை நகர்த்தும். அடுத்த முறை அடுத்தது. ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

கணக்குப் போடுங்கள். 55 இருக்கும்போது ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நொடி, ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறை நகரும். 30 ஆகக் குறைந்தால் நொடிக்கு 2 முறை. 10 ஆனால் 6 முறை. கடைசி ஒன்று மட்டும் என்றால் 60 முறை! எண்ணிக்கையை வேகத்தால் பெருக்கினால் எப்போதும் அதே 60.

பிள்ளைகளே, இது எதிர் மாறல். பாடப்புத்தகத்து ஆள்-நாள் கணக்கைவிடச் சுத்தமான எதிர் மாறல்.

இப்படி வேகம் கூட வேண்டும் என்று நிஷிகாடோ திட்டமிடவில்லை. அது கருவியின் குறை. சோதித்துப் பார்த்தபோது, எதிரி குறையக் குறைய ஆட்டம் சூடுபிடிப்பதைக் கண்டு அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். பின்னணியில் நான்கே சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும், அதுவும் கூடவே வேகமெடுக்கும், நெஞ்சு படபடப்பது போல.

ஜப்பானில் இந்த ஆட்டத்துக்கென்றே தனிக் கடைகள் முளைத்தன. 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்று ஒரு கதை இன்னும் சுற்றுகிறது, அதை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் வெளியிட்டது. 1980இல் அட்டாரி தன் வீட்டுக் கருவிக்கு இதைக் கொண்டுவந்ததும் அந்தக் கருவியின் விற்பனை பல மடங்கு ஏறியது. 2013இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் இதைத் தன் சேகரிப்பில் சேர்த்தது.

பெரியவர்கள் பயந்ததும் உண்டு. 1981இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஜார்ஜ் ஃபௌல்க்ஸ் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் இந்த இயந்திரங்களைக் கட்டுப்படுத்த ஒரு மசோதா கொண்டுவர அனுமதி கேட்டார். பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் அங்கே கிடக்கிறார்கள், காசுக்காகத் திருடவும் செய்கிறார்கள் என்பது அவர் கவலை. எதிர்த்துப் பேசிய மைக்கேல் பிரவுன், தானும் இதை ஆடுகிறவன்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆதரவு 94, எதிர்ப்பு 114. மசோதா தோற்றது.

நான் அந்த அவையில் இருந்திருந்தால் யோசிக்காமல் அந்த 94 பேரோடு கை தூக்கியிருப்பேன். ஃபௌல்க்ஸின் கவலை பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். பள்ளிக்கு வராமல் கடையில் உட்கார்ந்தது தப்புதான். ஆனால் அது வேறு கணக்கு. அன்று நான் கேட்டது ஓர் எடுத்துக்காட்டு. அவன் சொன்னது சரியான எடுத்துக்காட்டு. அதற்கு மேல் "ஏன்?" என்றும் கேட்டான். முப்பது வருடம் பாடம் நடத்திய எனக்கு அந்த "ஏன்" கேட்ட பிள்ளைகள் கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அதில் ஒருவனை நான் வெளியே நிற்க வைத்தேன். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முடியும்வரை அவன் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. இதைப் படித்தால் அவனுக்கே தெரியும். தம்பி, உன் கேள்விக்குப் பதில் மேலே இருக்கிறது. தாமதத்துக்கு டீச்சரை மன்னித்துவிடு. அன்றைய பாடத்தில் உனக்கு முழு மதிப்பெண்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை எதிர் மாறல் நடத்தும்போது இந்த 55 பூச்சிகளைக் கரும்பலகையில் வரைந்து பாருங்கள். கடைசி பெஞ்சும் எழுந்து நிற்கும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்