கோபன்ஹேகனிலிருந்து வந்த கண்டனம்

நமது திருச்சபை வரலாற்று நூல்களில் கிறிஸ்தியான் வெண்ட் என்னும் பெயர் பெரும்பாலும் கசப்புடனேயே எழுதப்பட்டுள்ளது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் 1714-இல் கோபன்ஹேகனில் நிறுவிய மிஷன் சங்கத்தின் செயலாளராயிருந்தவர் அவர். தரங்கம்பாடிப் பணியை நடத்தும் அதிகாரமும் அதற்குரிய பணமும் அச்சங்கத்தின் கையிலிருந்தன.

1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, பின்னர் வந்த கிரண்ட்லருடன் சேர்ந்து பள்ளிகளையும் அச்சுக்கூடத்தையும் நடத்தினார். புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. 1717-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. வெண்டின் மனம் இவற்றில் மகிழவில்லை. அப்போஸ்தலரைப்போல் ஏழைகளாய் ஊர் ஊராய்ச் சென்று பிரசங்கிப்பதே மிஷனெரியின் வேலை, கட்டடமும் குடும்பமும் அதற்குத் தடை என்பது அவர் கொள்கை. ஆகவே கடுஞ்சொற்கள் நிறைந்த கடிதங்கள் கடல் கடந்து வந்தன.

வெண்ட் தரங்கம்பாடியைக் கண்ணால் கண்டவரல்லர். சீகன்பால்குவின் முதற் பயணமே ஏழு மாதங்களுக்கு மேல் நீடித்தது. கடிதங்களும் அத்தகைய கப்பல்களிலேயே வரவேண்டும். கண்டனம் வந்துசேரவும் விளக்கம் திரும்பிச் செல்லவும் ஓராண்டுக்கு மேலாகும். இன்று கணியூரிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு நிமிடத்தில் தொலைபேசியில் கேட்டறியலாம். ஆயினும் சபைக் கணக்கில் ஒரு ரசீது காணப்படாவிட்டால், போதகரையோ பொருளாளரையோ கேட்பதற்கு முன்னரே நாம் ஊரெல்லாம் பேசி முடித்துவிடுகிறோம்!

சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23-இல் தமது 36-ஆம் வயதில் மரித்தார். கிரண்ட்லர் 1720 மார்ச் 19-இல் மரித்தார். வெண்டின் கடிதங்களே இவர்களைக் கொன்றன என்று சொல்வோர் உண்டு. அவ்வளவு தூரம் செல்ல நாம் துணியோம். சீகன்பால்கு முன்னரே நோயுற்றிருந்தவர். கடிதங்கள் அவருடைய துயரத்தைப் பெருக்கின என்பது வரை சொல்லலாம். வெண்டும் தன்னலத்தால் எழுதியதாக நாம் கருதவில்லை. அந்நியப் பணத்தில் எழும் நிறுவனங்கள் சுவிசேஷப் பணியையே விழுங்கிவிடுமோ என்னும் அவருடைய அச்சம், பிற்காலத்தில் இந்தியத் திருச்சபைத் தலைவர்களும் எழுப்பிய கேள்வியே. சீகன்பால்குவுக்கு நல்லெண்ணம் காட்டப்படவில்லையே என்று வருந்தும் நாம், அதே நல்லெண்ணத்தை வெண்டுக்கு மறுப்பது எவ்வாறு?

ஆயினும் இருவரும் ஒரே நிலையில் நிற்கவில்லை. நீதிமன்றத்தில் ஐயத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அளிக்கப்படுகிறது. அங்கே குற்றஞ்சாட்டுபவர் வேறு, நீதிபதி வேறு. கோபன்ஹேகனிலோ பணப்பையை வைத்திருந்த சங்கமே இரண்டுமாய் இருந்தது. முதலில் கேட்கவேண்டிய கடமை அதனுடையதே.

கட்டடச் செலவு கண்டிக்கப்பட்ட அந்நாட்களில் எழுந்த ஆலயத்திலேயே சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டார். அங்கே இன்றும் தமிழில் ஆராதனை நடைபெற்று வருகிறது.